ரோமாபுரி ராணிக்கு ஜடை தைத்தல்

ரோமாபுரிச் சக்கரவர்த்தி செப்டிமியஸ் செவெரஸின் மனைவி ஜூலியா டோம்னா போட்டிருந்த கொண்டையை வீட்டிலேயே போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கடைக்குப் போய் ஹேர்பின் வாங்குவார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அறிஞர்களிலும் பலர் அப்படி யோசித்துத்தான் மாட்டிக்கொண்டார்கள்: இவ்வளவு பெரிய கட்டுமானத்தைக் கொண்டை ஊசி தாங்காது, ஆகவே அது பொய்முடி என்று தீர்ப்பெழுதினார்கள். சிக்கலை எடுத்தவர் பேராசிரியர் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் சிகை அலங்காரத் தொழில் செய்யும் ஜேனட் ஸ்டீபன்ஸ். 2001இல் அந்த ஊர் வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ராணியின் பளிங்குத் தலையைப் பின்பக்கமாகப் பார்த்தார். முகத்தைப் பார்ப்பது சரித்திரக்காரர் வழக்கம், பிடரியைப் பார்ப்பது தொழில்காரர் வழக்கம். பின்னலைச் சுருட்டி ஊசி நூலால் தைத்திருக்க வேண்டும் என்று செய்து பார்த்துத் தெரிந்துகொண்டு, 2008இல் அதை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாகவும் எழுதிவிட்டார்.

இதற்கு அமெரிக்கா தேவையே இல்லை என்பது என் கட்சி. எங்கள் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில் எந்த அத்தையிடம் காட்டியிருந்தாலும் "தைச்சிருக்காங்க" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் மல்லிகை மொக்கையும் தாழம்பூ மடலையும் ஊசி நூலால் ஜடையோடு சேர்த்துத் தைப்பது தமிழ்நாட்டில் ஊரறிந்த வேலை. பிறகு முதுகுக்குப் பின்னால் கண்ணாடி வைத்துப் படம் எடுத்தார்கள். பின்பக்கம்தான் சாட்சி என்பது நம்மூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு எந்த அருங்காட்சியகமும் சொல்லித் தராத பாடம். பூவைத் தைப்பது வேறு, முடியை முடியோடு தைப்பது வேறு என்று ஒருவர் மறுக்கலாம். பாதி நியாயம். ஆனால் வேலை செய்கிற தத்துவம் ஒன்றுதான். கொண்டை ஊசி ஓரிடத்தில் பிடிக்கிறது, தலையை ஆட்டினால் நழுவுகிறது. நூல் கற்றையைச் சுற்றிப் போய்ப் பாரத்தைப் பின்னல் முழுவதும் பங்கு போடுகிறது. கோயில் தூண்களில் செதுக்கிய பெண்கள் கொண்டையில் தையலே தெரியவில்லையே என்றால், அவர்கள் பிடரி தூணுக்குள் அல்லவா இருக்கிறது!

தன் தலையைத் தானே தைத்துக்கொள்ள முடியாது என்ற மறுப்பு மட்டும் பலமானது. ரோமில் அதற்கென்று அடிமைப்பெண் இருந்தாள்; இங்கே பெரியம்மா இருக்கிறார், என்ன, அவரை அதட்ட முடியாது. முடி போதாதே என்றால் சவுரி. ரோமானியச் சீமாட்டிகள் ஜெர்மானியர் முடியை வாங்கிச் சூடினார்கள், கவி ஓவிட் அதைக் கேலியும் செய்தார். இன்று நம் கோயில்களில் இறக்கிய முடி இத்தாலிக்கே கப்பல் ஏறுகிறது.

வந்த அன்றே, 1896 செப்டம்பர் 1, அய்யங்குளத்தில் ரமணர் மொட்டை போட்டுக்கொண்ட ஊரில் கொண்டைப் பேச்சு எதற்கு என்பார்கள். மொட்டையும் சடாமுடியும் ஒரே தெருவில் நடக்கிற ஊரில் கொண்டைக்கு மட்டும் என்ன தீட்டு? இன்னொரு ஆட்சேபம் இந்த ஊருக்கே உரியது: சிவன் முடியைக் கண்டதாகப் பிரம்மனுக்குப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவைத் தலையில் தைக்கலாமா? தடை சிவ பூஜைக்குத்தான், ஜடைக்கு இல்லை. அதுவும் உள்ளே சவுரியை ஒளித்து வைத்திருக்கும் ஜடைக்கு, பொய்ச்சாட்சியில் முன் அனுபவம் உள்ள பூவை விட்டால் வேறு எது பொருந்தும்?