நிலுவை நூலும் நிலைத்த தலைவரும்: பள்ளி நூலகர் சங்கத் தேர்தல் குறித்து ஓர் ஆய்வு

இக்கட்டுரையை எந்த எண்ணில் அடுக்குவது என்பதே முதல் சிக்கலாக அமைந்தது. டியூவி தசமப் பகுப்பில் பள்ளி நூலகத்துக்கு 027.8, தேர்தலுக்கு 324. இரண்டும் வேறு வேறு அலமாரி. கைப்பிரதியைப் படித்த மூத்த நூலகர் ஒருவர், "இதை 398ல வைங்க சார்" என்று தீர்ப்புச் சொன்னார். 398 நாட்டார் கதைகளுக்கான எண். அவர் ஒரு சங்கத்தின் தலைவர் என்பதையும், எந்த ஆண்டு தலைவரானார் என்பது அவருக்கே நினைவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்யாமல் விடுவது ஆய்வு அறமாகாது.

ஆய்வின் எல்லை தமிழ்நாடு. ஆய்வுப்பொருள், மாவட்ட அளவில் இயங்கும் பள்ளி நூலகர் சங்கங்கள் தம் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. மினிட்ஸ் புத்தகம், லெட்டர் பேடு, மேடைக்குப் பின்னால் கட்டிய ஃப்ளெக்ஸ் ஆகியவை முதன்மை ஆதாரங்கள். கூட்டம் முடிந்தபின் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசப்படுவது துணைமை ஆதாரம். இரண்டும் முரண்படும் இடங்களில் டீக்கடையே கொள்ளப்பட்டது. கருதுகோள் வருமாறு: ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம்கூடக் கெடு தேதியில் புத்தகத்தைத் திரும்ப வாங்காமல் விடாத ஒரு கூட்டம், தான் கொடுத்த பதவியை மட்டும் திரும்ப வாங்குவதே இல்லை.

இவர்கள் யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஓய்வறையில் சேர்ந்து உட்கார்ந்து நிர்வாகத்தைத் திட்டுவார்கள். நூலகர் ஒருவர்தான். அரசுப் பள்ளிகள் பலவற்றில் அந்த ஒருவரும் கிடையாது. தமிழாசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ பீரோ சாவியை வைத்திருப்பார், கல்வி அதிகாரி வருகிற நாளில் பீரோ திறக்கும். தனியார் பள்ளி நூலகருக்கு அலமாரிகளோடு, வராத ஆசிரியர்களின் வகுப்புகளும் சேர்த்துத் தரப்படும், சப்ஸ்டிட்யூஷன். நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து "பேசாதீங்க" என்கிறவரோடு தொழில் பேச அந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. இப்படிப்பட்டவர்களை ஆண்டுக்கொரு முறை ஒரே மண்டபத்தில் கூட்டினால் என்ன ஆகும்? வரவேற்புரை யார் காதிலும் விழாது. பார்கோடு ஸ்டிக்கர் எங்கே மலிவு, நல்ல பைண்டர் யார், எந்தப் பள்ளியில் இன்கிரிமென்ட் போட்டார்கள், தொலைந்த புத்தகத்துக்கு யார் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று மண்டபம் இரையும். சங்கத்தின் உண்மையான பணி இந்த இரைச்சல்தான் என்பது ஆய்வாளரின் துணிபு. தேர்தல் அதற்கு நேரும் ஓர் இடையூறு.

இடையூறு குறைவாக இருக்கும்படியே நிகழ்ச்சி நிரலும் அமைகிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆண்டறிக்கை, வரவு செலவு, சிறப்பு விருந்தினர் உரை, மதிய உணவு, நிர்வாகிகள் தேர்தல், நன்றியுரை, நாட்டுப்பண். தேர்தல் சாம்பாருக்கும் நன்றியுரைக்கும் நடுவே வருவது தற்செயலன்று. சிறப்பு விருந்தினர் கிளம்பிவிட்டார். வெளியூர்க்காரர்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். பெண் உறுப்பினர்கள், அதாவது அரங்கில் பெரும்பாலோர், நாலரை மணி பஸ்ஸைப் பிடிப்பது பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இவை மூன்றும் கூடிவரும் வேளையில் தேர்தல் அலுவலர் மைக்கைத் தட்டுகிறார்.

இனி நடப்பதை விளக்க அரசியல் அறிவியல் உதவவில்லை. தொல்காப்பியரின் எட்டு மெய்ப்பாடுகள்தான் கைகொடுத்தன. "தலைவர் பதவிக்கு?" என்று கேட்டதும் அரங்கில் தோன்றுவது அச்சம். அச்சம் அணங்காலும் விலங்காலும் கள்வராலும் தம் இறையாலும் வரும் என்பது இலக்கணம். இங்கே வருவது நான்காவது. இறை என்றது அவரவர் பள்ளித் தாளாளரை. தலைகள் குனிகின்றன. இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவர் "சாரே இருக்கட்டுமே" என்கிறார். அரங்கில் உவகை. சார் எழுந்திருக்கிறார்.

"இல்லப்பா, வேணாம். வயசாச்சு. சுகர் வேற இருக்கு. அலைய முடியல. என்னால இனிமே யாரையும் அதட்டிப் பேச வராது."

மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்தும் இளிவரல் பிறக்கும் என்று இலக்கணம் கூறும். இலக்கண நூல் எதையும் எடுத்துப் புரட்டாமலே சார் நான்கையும் வரிசை பிசகாமல் சொல்லிவிடுவது நோக்கத்தக்கது. "இளைஞர்கள் யாராச்சும் முன்னால வரணும்" என்று அவர் முடிக்கும்போது, அரங்கில் ஆகக் குறைந்த வயதுடையவர், தலை லேசாக நரைத்தவர், நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுகிறார். "நீங்க இருந்தாத்தான் சார் ஆபீஸ்ல நம்மள மதிக்கிறாங்க" என்று ஒரு மேடம் சொல்கிறார். சார் மறுபடி மறுக்கிறார். மூன்றாம் மறுப்பில் குரல் இறங்கியிருக்கும். கைதட்டல் அந்த இடத்தில் விழ வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. முதல் மறுப்பையே மெய்யென்று நம்பிய புதிய உறுப்பினர் ஒருவர், "சரி, சாரை விட்டுருவோம், பாவம்" என்று சொன்ன ஒரு கூட்டத்தைப் பற்றி டீக்கடையில் இன்றும் பேசுகிறார்கள். அதன்பிறகு அவருக்குக் கூட்ட அழைப்பு போகவில்லையாம். தபாலில் தவறியிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படக் கூடாது என்கிறது. மறுபடி தேர்வாகத் தடையில்லை என்றும் சொல்கிறது. சட்டம் வகுத்தவர்கள் இதை ஜனநாயகம் என்று நினைத்திருப்பார்கள். நூலகரின் மொழியில் இது ரினியூவல். புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவந்து காட்டினால் டேட் ஸ்லிப்பில் புதுத் தேதி குத்தித் தருவார்கள், எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை, வேறு யாரும் அந்தப் புத்தகத்துக்கு ரிசர்வேஷன் போட்டிருக்கக் கூடாது. எனவே தலைவர் மாறாததற்கு அவருடைய பதவி ஆசையைக் காரணம் காட்டுவது மேம்போக்கான ஆய்வு. ரிசர்வேஷன் சீட்டு ஒன்றுகூட வரவில்லை.

ஏன் வரவில்லை? தலைவர் என்றால் கல்வி அலுவலகத்தில் மனுவோடு நிற்க வேண்டும். நிற்க ஒரு நாள் லீவு வேண்டும். லீவுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டும், அவர் எதற்கு என்று கேட்பார். தனியார் பள்ளியில் கேள்வி அதோடு நிற்காது. பள்ளிதோறும் நூலகர் பணியிடம் கேட்டுப் போனவர், திரும்பி வரும்போது தன் பணியிடம் இருக்குமா என்று யோசிப்பதைக் கோழைத்தனம் என்று சொல்ல ஆய்வாளருக்கு மனமில்லை. ஆகவே தகுதியான வேட்பாளர் ஓய்வு பெற்றவரே. பணியில் உள்ளவர்தான் நிர்வாகியாகலாம் என்ற விதி சில சங்கங்களில் இருந்திருக்கிறது. அது எந்த ஆண்டு திருத்தப்பட்டது என்று தேடினால், தலைவர் ஓய்வு பெற்ற ஆண்டில் போய் நிற்கிறோம்.

இவ்விடத்தில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைத் துணைக்கு அழைக்க வேண்டியுள்ளது. கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை எந்தப் பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாக்கி, அந்த வரிசையிலேயே எண் கொடுக்கிறது. திட்பமானது முதலில், காலம் கடைசியில். இம்முறையைத் தலைவர் பதவிக்கு உரியவர்கள்மேல் பொருத்திப் பார்த்ததில் வரிசை அப்படியே கவிழ்ந்தது. முதலில் பார்க்கப்படுவது காலம்: நாள் முழுக்கச் சும்மா இருக்கிறாரா, பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்களா? அடுத்து இடம்: வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா? ஆற்றல் என்பது டூவீலர் ஓட்டுவது. பொருள் என்பது மண்டபத்தை வாடகையில்லாமல் பிடித்துத் தருவது. ஆளுமை கடைசி, அது ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளையும் சங்கங்கள் விடாமல் கடைப்பிடிக்கின்றன என்பது இவ்வாய்வின் மகிழ்ச்சியான கண்டுபிடிப்பு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு என்கிற இரண்டாம் விதி, ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பதவி என்றாகியிருக்கிறது. தலைவராக ஆளில்லை, ஆனால் துணைத் தலைவர்கள், இணைச் செயலாளர்கள், அமைப்புச் செயலாளர், கொள்கை பரப்புச் செயலாளர், மகளிர் பிரிவுச் செயலாளர், சட்ட ஆலோசகர், கௌரவ ஆலோசகர், சிறப்பு அழைப்பாளர் என்று லெட்டர் பேடின் இடது ஓரம் முழுக்கப் பெயர்கள். பட்டியல் வளர வளரக் கடிதம் எழுத இடம் குறைகிறது. அதனால்தானோ என்னவோ, அரசுக்கு அனுப்பப்படும் கோரிக்கைகள் ரத்தினச் சுருக்கமாக அமைகின்றன. நூலகம் வளரும் உயிரி என்ற ஐந்தாம் விதியும் பொய்க்கவில்லை. சங்கமும் வளர்கிறது. அமீபா வளர்வதுபோல, இரண்டாகப் பிளந்து. பிளந்த இரண்டும் தாமே ஆதிச் சங்கம் என்று பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளும்.

ரங்கநாதனேகூட 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவானபோது ஏற்றது தலைவர் நாற்காலியை அன்று, செயலாளர் வேலையை. மனு எழுதுவது, தபால்தலை ஒட்டுவது, நூலகச் சட்டம் கேட்டு விடாமல் நச்சரிப்பது எல்லாம் செயலாளர் பாடு என்று கணிதம் படித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்திய நூலகச் சங்கத்துக்கு மட்டும் 1944 முதல் 1953 வரை அவரே தலைவர். ரினியூவலுக்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி வேண்டுமா என்று எந்தத் தலைவராவது கேட்டால் ஆய்வாளரிடம் பதில் இல்லை. அவரைப்போல வேலை செய்தீர்களா என்ற எதிர்க்கேள்விதான் உண்டு.

ஒப்பீட்டுக்கு அமெரிக்கா. அங்கே அமெரிக்க நூலகச் சங்கத்தின் தனிப் பிரிவாக 1951இல் பள்ளி நூலகர் சங்கம் உருப்பெற்றது. வேட்பாளரைத் தேட ஒரு குழு, உறுப்பினர்களின் இணையவழி வாக்களிப்பு, வேட்பாளர் தம் கொள்கையை எழுதித் தருவது என்று எல்லாம் உண்டு. வியப்புக்குரியது என்னவென்றால், ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்ததும் அவர் தலைவராகிவிடுவதில்லை. முதல் ஆண்டு வருங்காலத் தலைவர், இரண்டாம் ஆண்டு தலைவர், மூன்றாம் ஆண்டு முன்னாள் தலைவர். வெற்றி பெற்ற அன்றே, தான் முன்னாள் ஆகப்போகும் நாள் அவருக்குத் தெரியும். நம்மிடம் முன்னாள் தலைவர் என்ற இனம் அரிது. பெரும்பாலும் படத்திறப்பு விழாக்களில்தான் காணக்கிடைக்கும்.

தேர்தல் பற்றித் தமிழில் எழுதுகிற எவரும் உத்திரமேரூர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது மரபாகிவிட்டது. ஆய்வாளரும் சற்று நேரம் இறங்கிப் பார்த்தார். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, குடவோலையில் பெயர் எழுதப்பட வயது முப்பத்தைந்துக்குக் குறையவும் எழுபதைத் தாண்டவும் கூடாது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது, அவருடைய உறவினர்களும் கூடாது. இவ்விதிகளை இன்று ஒரு மாவட்டச் சங்கத்துக்குப் பொருத்தினால் குடத்தில் போட ஓலை மிஞ்சுமா என்பது ஐயமே. சீட்டெடுக்கும் சிறுவனுக்கு மட்டும் பள்ளி நூலகர்களிடம் பஞ்சமிருக்காது.

அரிதாக, போட்டி வந்துவிடுவதுண்டு. யாரோ ஒருவர் உண்மையாகவே ரிசர்வேஷன் போட்டுவிடுவார். அப்போது இவர்கள் நடத்தும் தேர்தலைப் போல ஒழுங்கான தேர்தலை வேறெங்கும் காண முடியாது. கணினி வந்ததும் வேலையிழந்த 7.5க்கு 12.5 சென்டிமீட்டர் கேட்லாக் கார்டுகள் வாக்குச்சீட்டாகும். ஒருபுறம் ஏதோ ஒரு நூலின் தலைப்பு தட்டச்சில் இருக்க, மறுபுறம் வாக்கு. கார்டு டிராயரே வாக்குப்பெட்டி. சீட்டுகள் அகர வரிசையில் அடுக்கப்பட்டு, இருமுறை எண்ணப்பட்டு, பதிவேட்டில் ஏறும். தோற்றவர் வென்றவருக்குச் சால்வை போர்த்துவார். புதிய சங்கம் அடுத்த மாதம்தான் தொடங்கப்படும்.

தேர்ந்தெடுப்பது இவ்வளவு எளிது. பொறுப்பேற்பது வேறு. அதிகாரம் என்பது மண்டபத்தில் கைமாறுவதில்லை. மினிட்ஸ் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், பாஸ்புக், செக் புக் நான்கும் இருக்கும் இடத்தில் அது இருக்கிறது. ஒரு சங்கத்தில் புதிய பொருளாளராகத் தேர்வான மேடம், கையெழுத்து மாற்றத்துக்காக வங்கிக்குப் போனார். தீர்மான நகல், ஆதார், பான், போட்டோ, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்த புதிய நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் வேண்டும் என்றார்கள். தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் இருந்தது. மினிட்ஸ் புத்தகம் பழைய செயலாளரிடம் இருந்தது. பழைய செயலாளர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போயிருந்தார். அவர் வந்தபோது ஸ்டாம்ப் இல்லை. ஸ்டாம்ப் கிடைத்தபோது பதிவாளர் அலுவலகம் முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் கேட்டது. எல்லாம் சேர்ந்து, லேமினேட் செய்த ஃபைலோடு மேடம் மறுபடி போய் நின்றபோது, மேலாளர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்து, தீர்மானத்தின் தேதியில் விரலை வைத்தார்.

"மூணு வருஷம் முடியப் போகுதே மேடம். அடுத்த எலெக்‌ஷன் எப்ப? அது முடிஞ்சதும் வாங்க, ஒண்ணா மாத்திக் குடுத்துடறேன்."