கட்டுமரமும் சண்டைக்காரியும்

கேள்வி: பழைய ஆங்கில நாவலில் கிழவி ஒருத்தியை 'கேட்டமரான்' என்று திட்டுகிறார்களே! பிரெஞ்சு படித்த புதுச்சேரி மருமகனோ 'அது படகுதானே?' என்று முழிக்கிறார். (வாசகர், இனயம்)

பதில்: கட்டத் தெரியாதவர்களுக்குத் திட்டத் தெரிந்திருக்கிறது! சொல் நம் கட்டுமரம்தான். 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் அது சண்டைக்காரிக்குப் பட்டமானது. முன்னால் 'கேட்' என்று பூனை சீறுவது காரணமாகலாம். பிரெஞ்சில் பூனை 'ஷா'. ஆகவே அங்கே அது வெறும் படகு. மருமகன் 'கத்தா' என்று சுருக்கினால் மட்டும் கவனம்: பேச்சு வழக்கில் படகும் அதுவே, பேரிடரும் அதுவே. இத்தனைக்கும் ஐரோப்பியருடையது இரட்டை உடல் படகு. இனயத்தார் கடலில் தள்ளியது மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒற்றை மிதவை.