நிரந்தரர் ஐவர் சமுகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் நிரந்தர அங்கத்தினர்களாகிய தங்கள் ஐவர் சமுகத்துக்கு, எந்தச் சபையிலும் எந்த ஆசனமும் இல்லாத சாமானியப் பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இவ்விடம் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 1945-ஆம் வருஷம் ஜூன் மாதம் 26-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் கையொப்பமான சாசனத்தின், தங்களை நிரந்தரராக்கிய 23-ஆம் ஷரத்து அதைக் கவனித்துக்கொள்கிறது.

தாங்கள் ஏன் நிரந்தரர் என்று கேட்கும் விஷமிகள் எங்கள் ஊரிலும் சிலர் உண்டு. அணுகுண்டு கைவசம் இருப்பதால்தான் என்று அவர்களிலே விஷயம் தெரிந்தவர்போல் ஒருவர் பேசியபோது, அந்த அபவாதத்தை நான் அங்கேயே மறுத்தேன். சாசனம் கையொப்பமாகி இருபது நாள் கழித்து, ஜூலை 16-இல் அல்லவா முதல் குண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது? முதலில் ஆசனம், பிறகே ஆயுதம். அமெரிக்காவை அடுத்து 1949-இல் ரஷ்யர், 1952-இல் ஆங்கிலேயர், 1960-இல் பிரெஞ்சுக்காரர், 1964-இல் சீனர் என்று, பதவிக்கு ஏற்ற ஆபரணத்தை ஒருவர் பின் ஒருவராகச் செய்து பூட்டிக்கொண்டீர்கள். பின்னர் 1968-இல் தங்களில் சிலர் ஓர் ஒப்பந்தம் வரைந்து, 1967 ஜனவரி முதல் தேதிக்கு முன் வெடித்துப் பார்த்தவர்களே அணு ஆயுத நாட்டினர், மற்றவர்கள் அந்த ஆபரணத்துக்கு ஆசைப்படவும் கூடாது என்று விதித்தார்கள்.

யுத்தத்தில் ஜயித்தவர்களுக்குக் கிடைத்த சன்மானம் என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். இருக்கலாம். ஆனால் உலக சமாதானத்துக்குத் திட்டம் வகுக்க 1944 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரத்து டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகையில் மகாநாடு கூடியபோது, பாரிஸ் பட்டணமே இன்னும் ஜெர்மானியர் கையில் இருந்தது. மகாநாடு கூடிய சில தினங்களுக்குப் பிறகுதான் அது மீண்டது. அதே மகாநாட்டில் பிரேஸிலையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆசைப்பட்டார்; ஆங்கிலேயருக்கும் ரஷ்யருக்கும் அது ருசிக்கவில்லை. ஒரு மாளிகையில் நடந்த சம்பாஷணையில் இருவர் முகம் சுளித்ததால் ஒரு தேசம் நிரந்தரத்தைத் தவறவிட்டது என்பதை நினைக்குந்தோறும் எனக்குத் தெய்வ சித்தத்தில் நம்பிக்கை பலப்படுகிறது.

ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டில், ஒருவர் மறுத்தால் உலகமே மறுத்ததாகும் என்ற தங்கள் விசேஷ உரிமையை ஆஸ்திரேலிய மந்திரி ஈவாட்டும் வேறு பல சிறு தேசத்தவரும் எதிர்த்து நின்றபோது, அமெரிக்க ஸெனட்டர் டாம் கானலி செய்த காரியத்தை நான் எத்தனை தரம் நினைத்தாலும் அலுப்பதில்லை. அந்த உரிமையை ஒழித்துவிட்டோம் என்று தாராளமாக ஊர் திரும்பிச் சொல்லுங்கள், ஆனால் சாசனம் எங்கே என்று கேட்டால் அதைக் கிழித்துவிட்டோம் என்றும் சொல்லவேண்டிவரும் என்ற பொருள்படப் பேசிவிட்டு, கையிலிருந்த சாசன நகலைச் சுக்குநூறாகக் கிழித்து மேஜைமேல் வீசினாராம். இதைவிடத் தெளிவான வியாக்கியானம் எந்த ஷரத்துக்கும் இதுவரை எழுதப்படவில்லை. எங்கள் ஆற்காடு இராமசாமி முதலியாரும் அந்தச் சாசனத்தில் கையொப்பமிட்டார். தனக்கே சுதந்திரமில்லாத ஒரு தேசத்தின் பிரதிநிதியாக, பிற தேசங்களின் சமத்துவத்துக்குச் சாட்சியாக.

அந்த உரிமையைத் தாங்கள் கையாளும் அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எகிப்தின்மீது படையெடுக்கத் தயாராக நின்ற ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1956 அக்டோபரில் சமாதானத் தீர்மானத்தை மறுத்தார்கள். புதிதாகப் பிறந்த வங்காள தேசம் 1972-இல் ஸ்தாபனத்தின் வாசலில் வந்து நின்றபோது பீக்கிங் கதவைச் சாத்தியது. 2023 டிசம்பரில் காஸாவில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்குப் பதின்மூன்று கைகள் உயர்ந்தன. பிரிட்டன் கையைக் கட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஒரு கை போதுமானதாயிற்று. ஆயினும் சிகரம் 2022 பிப்ரவரி 25 என்பேன். அம்மாதம் சபைத் தலைமை முறைப்படி ரஷ்யாவுக்கு வந்திருந்தது. உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்ததைக் கண்டிக்கும் தீர்மானத்தை ரஷ்யப் பிரதிநிதியே அக்கிராசனத்தில் அமர்ந்து வோட்டுக்கு விட்டு, தாமே எதிர்த்துக் கை தூக்கி, தீர்மானம் தோற்றது என்று தாமே அறிவித்தார். எங்கள் பக்கத்துக் கோயில்களின் பரம்பரை தர்மகர்த்தாக்கள்கூட, உண்டியல் களவுபோனதாகப் புகார் எழுந்தால், விசாரணை முடியும் மட்டுமாவது சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். வழக்கில் சம்பந்தப்பட்டவர் வோட்டுப் போடலாகாது என்று தங்கள் 27-ஆம் ஷரத்திலும் ஒரு வரி இருக்கிறதே என்றால், அது வெறும் சமரசப் பேச்சுக்குரிய ஆறாம் அத்தியாயத் தீர்மானங்கள் போன்றவற்றுக்கு மட்டுமே பொருந்துமாம். நடவடிக்கை என்று வரும்போது பொருந்தாதாம்.

சீர்திருத்தம் வேண்டாமென்று தாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை என்பதை நான் மனமார ஒப்புக்கொள்ளுகிறேன். 1965-இல் சபையை விஸ்தரித்து, இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவர்களின் நாற்காலிகளை ஆறிலிருந்து பத்தாக்கினீர்கள். 1993-இல் அமைந்த ஒரு குழு, நியாயமான பிரதிநிதித்துவம் எது என்பதைப் பற்றி ஆலோசிக்க ஆரம்பித்தது. அன்று குழந்தைகளாயிருந்தவர்கள் இன்று அதே விஷயத்தைப் பற்றிப் பேசும் ராஜதந்திரிகளாகிவிட்டார்கள். ஐம்பத்து நான்கு தேசங்கள் கொண்ட ஆப்பிரிக்காவுக்கு நிரந்தர ஆசனம் ஒன்றுகூட இல்லையே என்று தாங்களும் அவ்வப்போது விசனப்படுகிறீர்கள். சாசனத்தைத் திருத்த 193 தேசங்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தாலும், தாங்கள் ஐவரும் ஊர்ஜிதம் செய்யாமல் அது செல்லாது என்று 108-ஆம் ஷரத்து சொல்லுவதால், விசனப்படுவதில் தங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

நிற்க. என் பிரார்த்தனை மிகச் சிறியது, ஆசனமொன்றும் கேட்கவில்லை. 23-ஆம் ஷரத்தில் இன்றைக்கும் சீனக் குடியரசு என்றும், சோவியத் சோஷலிஸ்ட் குடியரசுகளின் ஒன்றியம் என்றுமே அச்சாகிவருகிறது. முன்னவரின் ஆசனம் 1971-இல் பொதுச் சபை எடுத்த வோட்டினால் பீக்கிங்குக்குப் போயிற்று. அவர் தைப்பேயில் சௌக்கியமாக இருந்தும் வாசற்படி ஏற அனுமதி இல்லை. பின்னவரோ 1991 டிசம்பரில் காலமாகவே, ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்ஸின் எழுதிய ஒரே கடிதத்தைக்கொண்டு ரஷ்யா அந்த ஆசனத்தில் அமர்ந்துவிட்டது. அச்சுப் பிழைபோல் நிற்கும் அவ்விரு பெயர்களையும் திருத்திவிடலாமே என்று பார்த்தால், திருத்தத்துக்கு நிரந்தர அங்கத்தினர் அனைவரின் சம்மதமும் வேண்டும். நிரந்தர அங்கத்தினர் யார் என்று பார்த்தாலோ, சாசனம் அவ்விருவரையே காட்டுகிறது. ஆகையால், காலஞ்சென்ற சோவியத் ஒன்றியத்தின் சம்மதத்தை எந்த விலாசத்துக்கு எழுதிப் பெறவேண்டும் என்பதைத் தங்கள் காரியாலயத்தின் மூலம் தெரியப்படுத்தும்படி வணக்கத்துடன் வேண்டிக்கொள்ளுகிறேன். தபால் செலவு என்னுடையது.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள
சாமானியப் பிரஜை