மேலே தள்ளினால் மெதுவு

எங்கள் ஊரில் டெம்போ என்றால் வண்டி. வாழைக்குலை ஏற்றும், கல்யாணத்துக்கு நாற்காலி ஏற்றும், மைக் செட்டோடு மைக் செட்டுக்காரரையும் ஏற்றும். அதனால், டிஜே கன்ட்ரோலர் வாங்கிய என் அக்கா மகன், "மாமா, இந்தப் பாட்டுக்கு டெம்போ கொஞ்சம் கூடுதலாக்கும்" என்றபோது, "பேரம் பேசுடே. கள்ளிக்காட்டிலேருந்து பாறசாலைக்கு எவ்வளவு கேக்கான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் சாமானுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவிடுவதில்லை.

கைமாறி வந்த சாமான்தான். இரண்டு பக்கமும் சின்னத் தோசை அளவில் ஒவ்வொரு வட்டு. வட்டுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு காடி, அதில் ஏறி இறங்கும் ஒரு குமிழ். பாட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது இரண்டின் தாளமும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, இந்தக் குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவான். பெண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியைச் சுற்றும்போது கால் மிதிபடாமல் நடப்பார்களே, அப்படி.

போன மாதம் நெய்யாறு அணைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண் கள்ளிக்காடு, மாப்பிள்ளை களியக்காவிளையைத் தாண்டி. இரண்டுக்கும் நடுவில் 1956 நவம்பர் 1-இல் கோடு கிழித்து நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் விளவங்கோட்டை இன்றைய தமிழ்நாட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அணையின் இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த தண்ணீரும் 2004-இல் நின்றது. ஆனால் பெண் கொடுப்பதும் பாட்டுப் போடுவதும் நிற்கவில்லை. இரண்டு வீட்டாருக்கும் பொதுவான பாட்டு வேண்டுமென்றால் எங்களுக்கு ஒரே வழி யேசுதாஸ்தான். 1961-இல் மலையாளத்தில் பாட வந்தவர், பிறகு தமிழையும் பிடித்துக்கொண்டார். எல்லையின் இரண்டு பக்கமும் சொந்தக்காரர். இரண்டு ரேஷன் கார்டுதான் பாக்கி.

எட்டரை மணிக்கு மருமகனுக்குப் பசி. "பந்திக்குப் போயிட்டு வாறேன் மாமா. பாட்டு அதுபாட்டுக்கு ஓடும். ஒண்ணயும் தொடப்பிடாது, கேட்டேளா?"

கேட்டேன். ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு நடந்து வரும்போது பாட்டு கொஞ்சம் இழுப்பதாக எனக்குத் தோன்றியது. மருமகன் எழுந்து போன அவசரத்தில் குமிழ் எங்கோ நகர்ந்திருக்க வேண்டும். சரிசெய்வது பெரியவர்கள் கடமை. மைக் செட்டில் குமிழை மேலே தள்ளினால் சத்தம் கூடும். ஆக, வேகமும் அப்படித்தான் என்று மேலே தள்ளினேன்.

பாட்டு தளர்ந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் தள்ளினேன். யேசுதாஸுக்குத் தொண்ணூறு வயதாகி, சளியும் பிடித்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "பேட்டரி போச்சா?" என்றார். டேப் ரெக்கார்டர் காலத்து மனிதர். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிவிட்டு, எப்போது கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் பதறிப்போய் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தேன். அடுத்த நொடியில் யேசுதாஸ் பாலர் வகுப்புப் பிள்ளையானார். தூக்கிய காலை வைத்த மாப்பிள்ளை, பெண்ணையும் இழுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடியே மேடையேறினார்.

சாம்பார் மணக்கும் கையோடு ஓடிவந்த மருமகன் குமிழை நடுவில் நிறுத்தினான். "மேலே தள்ளினா மெதுவாக்கும் மாமா, கீழே இழுத்தாத்தான் வேகம்."

"இதென்னடே தலைகீழ் நியாயம்?"

அது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற இசைத்தட்டுச் சுழலியிலிருந்து வந்த வழக்கமாம். 1972-இல் அது வந்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாவது வடிவத்தில் நீளமான ஸ்லைடர் வைத்தார்கள். கூட்ட 8 சதவீதம், குறைக்க 8 சதவீதம். தன் பக்கம் இழுத்தால் வேகம். இன்றைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அதையே பின்பற்றுகின்றன. அதன்மேல் எழுதியிருந்ததோ வேகம் என்றல்ல, 'பிட்ச்' என்று. அதாவது சுருதி.

அதில் தப்பில்லை. இசைத்தட்டில் சுருதியும் வேகமும் ஒரே சாப்பாட்டு இலையில் உட்கார்ந்தவர்கள். ஒருவரை எழுப்பினால் மற்றவரும் எழுவார். ஏறத்தாழ 6 சதவீதம் வேகம் கூட்டினால் அரைக் கட்டை சுருதி ஏறிவிடும். என் மருமகனின் சாமானில் 16 சதவீதம் வரை போகலாம். நான் மேலே தள்ளியதில் யேசுதாஸ் ஒன்றரைக் கட்டை இறங்கினார், கீழே இழுத்ததில் ஒன்றேகால் கட்டை ஏறினார். கால் கட்டை கணக்கில் உதைப்பது சதவீதத்தின் குணம், என்மேல் பழியில்லை.

இந்தப் பாவம் எனக்குப் புதிதுமல்ல. எண்பதுகளில் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். அவருடைய ரெக்கார்ட் பிளேயரில் 16, 33, 45, 78 என்று நாலு வேகம். ஜெனரேட்டர் மூச்சு வாங்கினால் பாட்டும் மூச்சு வாங்கும். கோயில் கொடைக்கு விடிகாலை ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டுப் போடச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் 33-இல் சுழல வேண்டிய தட்டை 45-இல் விட்டேன். ஒரு கட்டையில் பாடிய பாகவதர் நாலு கட்டையையும் தாண்டிக் கீச்சிட்டார். ஊர் விழித்தது. சித்தப்பா குட்டிய இடத்தில் இன்னும் முடி சரியாக வளரவில்லை.

"இப்போ அந்தப் பிரச்சினையே இல்ல மாமா" என்று மருமகன் ஒரு பொத்தானை அழுத்தினான். கீ லாக். அதை அழுத்திவிட்டால் வேகம் மட்டும் மாறும், சுருதி இருந்த இடத்தில் இருக்கும். எப்படி என்றேன். மரச்சீனிக் கிழங்கைச் சீவுவதுபோல மெஷின் பாட்டை மெல்லிய வில்லைகளாகச் சீவுகிறது. மெதுவாக்க வேண்டுமானால் சில வில்லைகளை இரண்டு தடவை வைக்கும்; வேகமாக்க வேண்டுமானால் இடையில் சிலதை எடுத்துவிடும். ஒட்டுப்போட்டது தெரியாமல் ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று இழைக்கும். ரொம்ப இழுத்தால் மட்டும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல நெளியும்.

விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. "நம்ம ஆளுகளுக்கு இது பெரிய காரியமாடே? செண்டைக்காரர்களின் பஞ்சாரி மேளத்தில் தாளச் சுற்று 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12 என்று பாதி பாதியாகக் குறைந்து 6-இல் முடியும். காலம் இறுக இறுக வேகம் ஏறும், செண்டையின் சுருதி ஏறுமா? வில்லுப்பாட்டுக்காரர் உடுக்கையின் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தாளம் ஏறுமா? இடைக்காக்காரர் தோள்வாரை அமுக்கியே பாட்டு வாசிக்கிறார். பறை சுருதி இறங்கினால் தீயில் காட்டுகிறோம். எல்லாம் பொத்தான் இல்லாமல்!"

"சரிதான் மாமா. ஆனா மேல தள்ளணுமா, கீழ இழுக்கணுமான்னு அவங்க யாருக்கும் சந்தேகம் வந்ததில்ல."

அதற்குமேல் நான் பேசவில்லை.

வரவேற்பு முடியும் நேரத்தில் மாப்பிள்ளையின் பாட்டி கைத்தடியோடு வந்தார். மருமகனை விட்டுவிட்டு என்னிடம்தான் பேசினார். "மக்ளே, நீ மொதல்ல மெதுவா ஓட்டுனியே, அந்த வேகத்துல ஒருக்கா போடு. எனக்க காலுக்கு அதாக்கும் தோது. ஆனா அந்தச் சளிக்குரல் வேண்டாம்."

ஆயுளில் ஒரு தொழில்நுட்பக் கோரிக்கையை இவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை. மருமகன் கீ லாக்கை அழுத்தினான். குமிழை மேலே தள்ளி, குறைக்க 8 என்ற இடத்தில் நிறுத்தினான். யேசுதாஸ் நடுவயதில், சளியில்லாமல், அவசரமில்லாமல் பாடினார். பாட்டி கைத்தடியை என்னிடம் தந்துவிட்டுப் பெண்ணின் அம்மூம்மையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் தமிழில் காலை எண்ண, மற்றவர் மலையாளத்தில் எண்ண, இரண்டு பேரும் பாட்டு முடியும்வரை ஆடினார்கள்.

மறுநாள் பார்த்தேன். கன்ட்ரோலரில் அந்தக் காடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தான்: "மேலே தள்ளினால் மெதுவு. மாமா, உங்களைத்தான்."