நாட்டாமை மீட்டரும் நம்மூர் எருமையும்

வா நைனா, குந்து. கழுத்துல இன்னாது, கேமராவா? சிப்காட்ல நைட்டு ஷிஃப்ட்டு பாத்து, ஓ.டி. பாத்து, மாசத் தவணையில வாங்கினதாமே. உங்கம்மா சொல்லிச்சு. சொல்லிட்டு மூக்கையும் சிந்திச்சு, அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கிப் போட்டிருக்கலாமாம். "வுடும்மா, புள்ள குடிச்சுக் கெட்டுப்போறதுக்குப் படம் புடிச்சுக் கெட்டுப்போவட்டும்"னு நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பி வெச்சேன்.

எங்க, காட்டு பாக்கலாம். மேல கீற சக்கரம் பச்சைக் கட்டத்துல நிக்குது. ஆட்டோ. வாங்கினதுலேர்ந்து அத்தத் திருப்பவே இல்ல போல. கவரப்பேட்டை ஷேர் ஆட்டோக்காரன்கூட இவ்ளோ நாளு ஒரே ஆட்டோவ ஓட்டமாட்டான்டா. அதே சக்கரத்துல எம்முன்னு ஒரு எழுத்து கீது பாரு, மேனுவல். அத்தத் தொட்டா எமன் எறங்கி வந்துடுவானா?

சரி, படத்தக் காட்டு. இது இன்னா, துவைக்காத லுங்கியா? ஓஹோ, பூநாரையா! அண்ணாமலைச்சேரி வரைக்கும் போயி, பழவேற்காட்டு ஏரியில படகுக்குக் காசு குடுத்து, வெள்ளையும் ரோஸுமா நின்னுகினு இருந்த பறவைய அழுக்குக் கலர்ல கொண்டாந்து கீற. இதுல படகுக்காரன்கிட்ட "இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ"ன்னு வேற நச்சரிச்சிருப்ப. அது பாட்டுக்குத் தலைகீழா அலகவுட்டு மேஞ்சுகினு இருக்கும், நீ பறக்கறத எடுக்கணும்னு அதோட சோத்துல மண்ணப் போட்டுட்டு வருவ.

குத்தம் பறவை மேல இல்ல. உன் கேமராவுக்குள்ள மீட்டருன்னு ஒருத்தன் குந்திகினு கீறான். அவன் நம்மூரு நாட்டாமை மாதிரி. வரப்புச் சண்டைன்னு ரெண்டு பேரு வந்து நின்னா, எவன் நெலத்த எவன் வளைச்சான்னு விசாரிக்கமாட்டாரு. ஆளுக்குப் பாதின்னு தீர்ப்பச் சொல்லிட்டுத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு டீ குடிக்கப் போயிடுவாரு. இவனும் அப்படித்தான். கறுப்புத் தெரியாது, வெள்ளை தெரியாது. எத்தக் காட்டினாலும் நடுவாந்தரமா ஒரு சாம்பல் கலருக்குக் கொண்டாந்து நிறுத்துவான். மேல வுழற வெளிச்சத்துல நூத்துக்கு 18 பங்கத் திருப்பி அனுப்பற சாம்பல் அட்டைன்னு ஒண்ணு கடையில விப்பான். கிட்டத்தட்ட அதுதான் அவனுக்கு மொத்த உலகமும். வெள்ளைப் பறவையப் பாத்தானா, "இவ்ளோ வெளிச்சம் ஆவாது"ன்னு கொறச்சுட்டான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தாண்ட மலை மலையா நிலக்கரி கொட்டி வெச்சுக்கீறாங்களே, அத்தக் காட்டு, "ஐயோ இருட்டு"ன்னு ஏத்தி அதையும் சாம்பலாக்கிடுவான். நிலக்கரியச் சாம்பலாக்கறதுக்குக் கவர்மெண்டு எத்தினி கோடி செலவு பண்ணி, எத்தினி ஒசரம் சிம்னி கட்டிச்சு! நீ ஒரு பட்டனத் தட்டி முடிச்சுட்ட.

அவனத் திருத்த முடியாது, மிரட்டி வெக்கலாம். பிளஸ்ஸு மைனஸ்ஸு போட்டு ஒரு பட்டன் கீது பாரு. வெள்ளை நெறைய இருந்தா பிளஸ் ஒண்ணு, ஒண்ணரை வரைக்கும் ஏத்து. கறுப்பா இருந்தா மைனஸ்ல எறக்கு. பச்சைக் கட்டத்தவுட்டு வெளிய வந்தா போதும், இதுக்கு எம்மு வரைக்கும் போவ வேணாம். ஆனா தெனம் நாட்டாமையோட மல்லுக்கட்டறதுக்கு, அந்தாளக் கேக்காமலே காரியத்த முடிக்கறது மேல் இல்லியா?

பஜார்ல நான் ஸ்டுடியோ வெச்சிருந்தப்ப மீட்டரு ஏது, மாடசாமி ஏது. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு கவர்மெண்டு கம்பெனி, 1960ல ஆரம்பிச்சது, இந்துன்னு பேரு போட்டு பிலிம் வித்தான். எந்தக் கம்பெனி பிலிம் வாங்கினாலும் கூட ஒரு துண்டுச் சீட்டு வரும். சூரியன், மேகம், நிழலுன்னு பொம்மை போட்டு, பக்கத்துல நம்பர் போட்டிருக்கும். அதுல கீற கணக்கு ஒண்ணே ஒண்ணு. மேல வெயிலு சுள்ளுன்னு அடிச்சா அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டரு உன் ஐஎஸ்ஓ எவ்ளோவோ அதுல ஒரு பங்கு. ஐஎஸ்ஓ 100ன்னா செகண்டுல நூத்துல ஒரு பங்கு. பழைய கேமராவுல 1/100 இருக்காது, 1/125 வெச்சுக்குவோம். அவ்ளோதான். வெள்ளைக்காரன் இத்த "சன்னி சிக்ஸ்டீன்"னு சொல்லிகினு இன்னிக்கும் கிளாஸ் எடுத்துக் காசு வாங்கறான்.

மேகம் வந்தா? வானத்த அண்ணாந்து பாத்துக் கண்ணக் கெடுத்துக்காத. குனிஞ்சு உன் நிழலப் பாரு. ஓரம் கத்தி புடிச்சு வெட்டினாப்பல தெரியுதா, எஃப் 16. ஓரம் கொஞ்சம் கொழகொழன்னு கீதா, எஃப் 11. நிழலு கீதா இல்லியான்னு சந்தேகமா, எஃப் 8. நிழலே காணோமா, எஃப் 5.6. புளியமரத்தடி நெழல்ல நிக்கறவன எடுக்கறியா, எஃப் 4. சாயங்காலம் வெயிலு சாஞ்சுட்டா இன்னும் ஒரு படி தொறந்துக்க. இதுல ஒரு சூட்சுமம் கீது, காதக் கிட்டக் குடு. நாட்டாமை பொருள் மேல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்த அளக்கறான், அதான் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஏமாந்துபோறான். உன் நிழலு, மேல வந்து வுழற வெளிச்சத்தச் சொல்லுது. வுழற வெளிச்சம் கொக்குக்கும் ஒண்ணுதான், எருமைக்கும் ஒண்ணுதான். அந்தக் கணக்குல வெச்சா கொக்கு வெள்ளையா வரும், எருமை கறுப்பா வரும். நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்.

எஃப் 16ன்னா பெரிய ஓட்டைன்னுதானே நெனச்சுகினு இருந்த? மூஞ்சே சொல்லுது. நம்பரு ஏற ஏற ஓட்டை சிறுக்கும். லென்ஸோட குவியதூரத்த அந்த நம்பரால வகுத்துப் பாரு. 50 மில்லிமீட்டர் லென்ஸு, எஃப் 2 வெச்சா 25 மில்லிமீட்டர் ஓட்டை, எஃப் 16 வெச்சா மூணு மில்லிமீட்டர்தான். பொன்னேரி பாலிடெக்னிக்கு வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சாங்க, வகுத்தல் தெரியாதா? 4, 5.6, 8, 11, 16ன்னு கோணக்கா மாணக்கா நம்பரா கீதேன்னு கேளு. ஓட்டையோட பரப்பு சரிபாதியாவணும்னா குறுக்களவு சரிபாதியாவக்கூடாது, இரண்டின் வர்க்கமூலத்தால வகுக்கணும். அதான் 1.4, 1.4ஆப் பெருகிகினே போவுது. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதி. ஷட்டருலயும் ஒரு படின்னா பாதி இல்லன்னா ரெட்டிப்பு. அதனால எஃப் 16ல 1/125ம் ஒண்ணுதான், எஃப் 11ல 1/250ம் ஒண்ணுதான், எஃப் 8ல 1/500ம், எஃப் 5.6ல 1/1000மும் ஒண்ணுதான். வெளிச்சக் கணக்கு நேராப் போச்சு. இனிமே உனக்கு இன்னா வேணும்னு நீதான் சொல்லணும். படகு ஆடுது, பறவை றெக்கை அடிக்குது, அப்ப 1/1000தான். திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்துல அமாவாசைக் கூட்டம், முன்னால நிக்கற கெழவியும் பின்னால கோபுரமும் தெளிவா வேணும்னா எஃப் 11ஓ 16ஓ.

ரயிலு கணக்கு ஒண்ணு சொல்றேன். கேட்டு போட்டு நிக்கற நேரத்துல போன நோண்டாம இத்த யோசி. 60 கிலோமீட்டர் வேகத்துல போற லோக்கல் ட்ரெயினு ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 17 மீட்டர் தாண்டும். நீ 1/1000 வெச்சா அந்த நேரத்துல வண்டி ரெண்டு சென்டிமீட்டர்கூட நவுராது, படிக்கட்டுல தொங்கறவனோட சட்டைப் பட்டன்கூட எண்ணலாம். 1/60 வெச்சா ஒரு அடிக்குக் கிட்ட நவுந்துடும், வண்டி வெறும் கோடு. ரெண்டும் நல்ல படந்தான். எது வேணும்னு தெரியாம எடுத்தா ரெண்டுங்கெட்டான் படம்.

ஐஎஸ்ஓவத் தொட உனக்கு ஏன் இவ்ளோ பயம்? ஏத்தினா புள்ளி புள்ளியா வருதாம். வரட்டுமே. ராத்திரி கூத்துல 3200 வெச்சா புள்ளி வரும், ஆனா அர்ஜுனன் மூஞ்சி தெரியும். 100லயே வெச்சுகினு ஷட்டர இழுத்தடிச்சா அர்ஜுனனுக்கு நாலு மூஞ்சி வரும், பிரம்மான்னு சொல்லித்தான் சமாளிக்கணும்.

ஆயுத பூஜைக்கு உங்க கம்பெனியில படம் எடுக்கச் சொல்லுவாங்க. மத்த நாள்ல கேட்டுல செக்யூரிட்டி செல்லையே புடுங்கி வெச்சுக்குவான், அன்னிக்கு ஒரு நாள்தான் உனக்கு மவுசு. மெஷினுக்கு மாலை போட்டு, பட்டையடிச்சு நிக்க வெச்சிருப்பாங்க. அங்க பகல்ல வெச்ச 1/1000ஐயே வெச்சுகினு போயிடாத. நம்ம கரண்டு செகண்டுக்கு 50 சுத்து, டியூப்லைட்டும் மட்டமான எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை கண்ணச் சிமிட்டும். உன் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், படத்துல பட்டை பட்டையா கறுப்பு வுழும். மெஷினுக்குப் போட்ட பட்டை எது, நீ போட்ட பட்டை எதுன்னு மொதலாளி கேப்பாரு. 1/50 இல்லன்னா 1/100 வெச்சா போவும். ரோலிங் மில்லுல ஆளத் தெரிஞ்சு உள்ள வுட்டாங்கன்னா, இருட்டுக் கொட்டகையில செவப்பா ஓடியார இரும்புக்கட்டிய எடுக்கறப்ப ஆட்டோ பக்கம் திரும்பியே பாக்காத. கொட்டகை இருட்டப் பாத்துட்டு மீட்டரு ஏத்துவான், செவந்த இரும்பு வெறும் வெள்ளைத் தகடா வந்து நிக்கும். இரும்புக்கு அளவு வெய்யி, கொட்டகை இருட்டாவே கெடக்கட்டும். அங்க வேலை செய்யறவனுக்கு அது இருட்டுதானே.

வானம் வெளுத்துப் போச்சுன்னு செல்லுல ஒரு ஆப்பு வெச்சு மேகம் ஒட்டினியாமே? இத்த நீ கண்டுபுடிச்சதா நெனச்சுக்காத. லின்னேயஸ் ட்ரைப்புன்னு ஒரு துரை, மெட்ராஸ் பிரசிடென்சிக்கே போட்டோகிராபரா இருந்தவரு, 1858ல மதுரை, தஞ்சாவூரு, ஸ்ரீரங்கம்னு சுத்தினாரு. அந்தக் காலத்துப் பேப்பர் நெகட்டிவு நீலத்தக் கண்டா வெறி புடிச்சு வாங்கும், வானம் மொத்தமும் வெள்ளையாப் போயிடும். மனுசன் குந்திகினு நெகட்டிவு மேலயே பிரஷ்ஷால மேகம் வரைஞ்சாரு. ஆனா அதே ஆளு தஞ்சாவூரு பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்ட 21 படமா எடுத்து வரிசையா ஒட்டி நீளமா ஒண்ணாக்கினாரு. துண்டுக்குத் துண்டு வெளிச்சம் மாறினா ஒட்டு பல்லக் காட்டிடும்ல? மேகத்துல கைவேலை காட்டலாம், அளவுல காட்ட முடியாது.

இப்ப கல்யாண ஆல்பத்துக்கு வரேன், எனக்கு வயித்தெரிச்சலே இதுலதான். உன் அத்தை மவ கல்யாணத்துக்கு நீதானே எடுத்த? நம்ம பொண்ணு நல்ல கருங்காலி நெறம், கண்ணு பளபளன்னு இருக்கும். ஆல்பத்துல பாத்தா மாவு பூசின மூஞ்சி, மூக்குத்தி எங்க கீதுன்னு தேடணும். ரெண்டு படி ஏத்தி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல வேற வெளுத்துக்கீற. மாப்ளை கையி மட்டும் கறுப்பு, மூஞ்சி வேற ஊரு. இந்தக் கேடு ரொம்பப் பழசு நைனா. கலர் பிரிண்டு லேபுல அளவு சரி பாக்கறதுக்குக் கோடாக் கம்பெனி ஒரு அட்டை அனுப்பும், ஷெர்லி கார்டுன்னு பேரு, அதுல வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தி. அவ மூஞ்சி சரியா வந்துச்சா, மெஷினு சரி. அவ நெறத்துக்கு வெச்ச அளவுல உங்க பாட்டிய பிரிண்டு போட்டா இன்னா ஆவும்? அப்பறம் பிலிமத் திருத்தினாங்க, யாருக்காகன்னு நெனைக்கிற? சாக்லேட்டு விக்கறவனும் மர சாமான் விக்கறவனும் எங்க சரக்கோட கலரு படத்துல ஏறலியேன்னு சத்தம் போட்டாங்களாம், கோடாக்குல வேலை பாத்தவங்களே சொல்லியிருக்காங்க. மனுசன் கேட்டா காது கேக்கல, அலமாரி கேட்டதும் கேட்டுச்சு.

மா. கிருஷ்ணன்னு நம்மாளு ஒருத்தரு, நாவல் எழுதின அ. மாதவையாவோட புள்ள. ஆனையக் கறுப்பு வெள்ளையிலதான் எடுப்பாரு. வெவ்வேற கேமராவோட உதிரியெல்லாம் சேத்துத் தானே ஒரு கேமராவ ஒட்டுப்போட்டு, அதுக்கு "சூப்பர் பாண்டெரோசா"ன்னு பேரும் வெச்சிருந்தாரு. காட்டு நெழல்ல நிக்கற கரிய ஆனை, தோலு மடிப்பு மடிப்பாத் தெரியும். ஆனையச் செவப்பாக்கித் தரச் சொல்லி யாரும் அவரக் கேக்கல, அது அவரு அதிஷ்டம். உன்னக் கேக்கறாங்க. கேட்டா, "அக்கா, கேமராவுல அந்தப் பட்டன் ரிப்பேரு"ன்னு சொல்லு. பொய்யி சொல்லத் தெரியாதா உனக்கு? தவணை எவ்ளோன்னு உங்கம்மாகிட்டச் சொன்னியே, அதவுடவா!

நாளைக்கு லீவுதானே. காலையில ஆரணியாத்துப் பக்கம் போ. எருமை மேயும், அது முதுவுல உண்ணிக்கொக்கு நிக்கும். நாட்டாமைக்கு இதவுடப் பெரிய வழக்கு கெடையாது, ஒரே சட்டத்துல கறுப்பும் வெள்ளையும். எம்முல வெய்யி. வெயிலு நல்லா ஏறி, நிழலு ஓரம் வெட்டினாப்பல வந்தப்பறம் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டரு 1/400. எடுத்துட்டு ஹிஸ்டோகிராமுன்னு ஒரு மலைப்படம் வரும் பாரு, அது வலது ஓரத்துச் சொவத்துல போயி முட்டிகினு நிக்கக்கூடாது. முட்டினா கொக்கோட எறகு எரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், ஷட்டர 1/500க்கு ஏத்து. 'ரா' ஃபைலா எடுத்தா எருமையோட கறுப்புலேர்ந்து கொஞ்சம் தோண்டி எடுத்துக்கலாம், எரிஞ்ச வெள்ளையில தோண்ட ஒண்ணும் இருக்காது. எருமை பின்பக்கமா மட்டும் போயி நிக்காத, உதைச்சா லென்ஸுக்கு வாரண்டி கெடையாது.

நான் வரமாட்டேன், முட்டி வலி. வரும்போது டீயும் ரெண்டு மசால்வடையும் வாங்கிகினு வா, படத்தப் பாத்துட்டுத் திட்டறேன். இன்னா முழிக்கிற? கேமராவத் தொறந்து காட்டு. அதான பாத்தேன். கார்டு எங்கடா? லேப்டாப்புலயே சொருவிட்டு வந்துட்டியா?