மேஸ்திரிக்கு முன்பே தெரியும்

ஆர்க்கிடெக்ட் ஆக ஐந்து ஆண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும், கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரை மட்டுமே, வேலையை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. நம்மூர் மேஸ்திரிகளுக்கு இது முன்பே தெரியும்.

"ஒரு பிளான்தானே சார், சும்மா போட்டுக் கொடுங்க."

வரைபடத்துக்குக் காசு என்றதும் முகம் சுருங்கும் அதே வீட்டுக்காரர், வாஸ்துக்காரருக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டுவார். வாஸ்துக்காரர் வந்துபோனதும் சமையலறை அக்னி மூலைக்கும், பூஜையறை ஈசானிய மூலைக்கும், பெரிய படுக்கையறை கன்னி மூலைக்கும் நகரும். மிச்சத்தில் மாடிப்படி, கழிவறை, காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் அடைப்பது ஆர்க்கிடெக்டின் சாமர்த்தியம். மனையோ முப்பதுக்கு நாற்பது அடி. காரும் உள்ளே நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கட்டடத்தைச் சுற்றிக் காலி இடம் (செட்பேக்) விடச் சொல்லும். "யார் சார் வந்து அளக்கப் போறாங்க?" என்பார் வீட்டுக்காரரின் மைத்துனர். அனுமதிக்குப் போவது ஒரு வீடு, மனையில் எழும்புவது அதன் குண்டான அண்ணன்.

கடைசியில் முகப்பின் நிறத்தையாவது ஆர்க்கிடெக்டிடம் கேட்பார்கள். அதற்குள் பெயின்ட் கடை அட்டையைப் பார்த்து மாமியார் ஊதாவுக்கு முன்பணமே கொடுத்திருப்பார்.