கணப்பில்லா நாட்டில் கணப்புச் சுவர்: கள்ளக்குறிச்சி வட்டார ஹால் குறித்து ஒரு முன்னாய்வு

குளிர்தேசத்து வீடுகளில் ஹாலுக்குள் நுழைந்தால் நாற்காலிகள் எல்லாம் ஒரே சுவரைப் பார்த்துக் கிடக்கும். அந்தச் சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குள் நெருப்பு, மாடத்துக்கு மேல் ஒரு பலகை. அந்தப் பலகையில் என்ன வைக்கலாம், என்ன வைத்தால் மானம் போகும் என்று அவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலும் நாற்காலிகள் ஒரே சுவரைப் பார்த்துத்தான் கிடக்கின்றன. பலகைகளுக்கும் குறைவில்லை. நெருப்பு ஒன்றுதான் இல்லை. இருந்தும் இந்தச் சுவரைப் பற்றி ஒரு பக்கம்கூட இவ்வாய்வாளனின் கண்ணில் பட்டதில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம்: 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி. மேற்கே கல்வராயன் மலை, வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். நடுவில் கரும்பும் நெல்லும் மரவள்ளியும், அவற்றின் மேல் வெயிலும். இங்கே சித்திரை மாதத்தில் ஒருவர் ஹாலில் நெருப்பு மூட்டப்போவதாகச் சொன்னால், முதலில் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு மந்திரிக்க அழைத்துப் போவார்கள்.

நெருப்பு மூட்டிக் குளிர் போக்கும் அமைப்புக்குத் தமிழில் 'கணப்பு' என்று நல்ல சொல் இருக்கிறது. சமவெளியில் சொல் உண்டு, பொருள் இல்லை. 'குளிர்காய்தல்' நிலைமை இன்னும் மோசம். இன்றைய செய்தித்தாள்களில் அரசியல்வாதிகள் மட்டுமே குளிர்காய்கிறார்கள், அதுவும் கத்திரி வெயிலில். நெடுநல்வாடை காலத்தில் அப்படியில்லை. அதில் வாடைக்கு நடுங்கியவர்கள் 'தடவு' என்னும் வாயகன்ற நெருப்புச் சட்டியை நாடுகிறார்கள். கவனிக்க: தடவுக்குச் சுவர் தேவையில்லை. வேண்டிய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். தமிழனின் நெருப்பு நடமாடும் நெருப்பு, ஆகவே சுவர் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் சுவரை என்ன செய்வது என்ற சிக்கல் நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது எனத் துணியலாம். மறுப்பவர்கள் தனிக் கட்டுரை எழுதிக்கொள்ளட்டும்.

இம்மாவட்டத்தில் ஓர் அறைக்குள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியதற்கான மூத்த சான்று திருக்கோவிலூரில் இருக்கிறது. மழை கொட்டிய இரவில் முதலாழ்வார் மூவரும் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் என்றால் நிற்கத்தான் வேண்டும், அவ்வளவுதான் இடம். நாலாவதாக யாரோ நெருக்குகிறார். யாரென்று பார்க்கப் பொய்கையார் வையத்தையே அகலாக்கிப் பாட்டால் ஒரு விளக்கு ஏற்றினார். பூதத்தார் அன்பையே அகலாக்கி இன்னொன்று ஏற்றினார். பேயார் பெருமாளைக் கண்டுவிட்டார். பக்தர்கள் இதில் பக்தியைப் பார்ப்பார்கள். ஆய்வாளன் பார்ப்பது வேறு: சோபா இல்லை, ஷோகேஸ் இல்லை, ஒளி வந்த பக்கம் மூவரும் நின்றபடியே பார்த்தார்கள். ஐபிஎல் கடைசி ஓவரில் இன்றும் நம் வீடுகளில் இதே நிலைதான், நெருக்குபவர் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைத் தவிர.

இனி ஆய்வு முறை. அக்கா மகன் கல்யாணத்துக்குத் தாய்மாமன் என்ற முறையில் பத்திரிகை வைக்கப் போனேன். பத்திரிகையோடு வருகிறவரைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, "காப்பி குடிச்சிட்டுதான் போவணும்" என்று வீட்டம்மா உள்ளே போய்விடுவார். வீட்டுக்காரர் சட்டை போட்டுக்கொண்டு வரப் போயிருப்பார். பால் பொங்கும்வரை ஆய்வாளனும் சுவரும் தனியாக இருப்பார்கள். இதைவிட நேர்மையான கள ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடப்பதில்லை. சர்க்கரை அளவு ஏறியது மட்டும் பக்கவிளைவு.

முதல் கேள்வி: நாலு சுவரில் எது முதன்மைச் சுவர் ஆகிறது? வாஸ்துக்காரர்கள் தென்கிழக்கை அக்கினி மூலை என்பார்கள். அதைச் சமையலறை எடுத்துக்கொண்டுவிடும். ஹாலுக்கு அவர்கள் சொல்லும் விதிகளை வீட்டுக்காரர் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார். ஆனால் முடிவு செய்பவர் எலக்ட்ரீஷியன். ஒயரிங் வேலையின்போது மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் முன் அவர் கடைசியாக எந்தச் சுவரை வெட்டினாரோ அங்கே பிளக் பாயிண்ட் வரும். பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில் டிவி, டிவி இருக்கும் இடத்தில் குடும்பம். குளிர்நாட்டில் புகைபோக்கி செய்த வேலையை இங்கே ஒரு மூன்று துளை சாக்கெட் செய்கிறது.

சுவரின் உள்ளடக்கத்தை அகழாய்வு முறையில் அணுகுவதே பொருத்தம். மிகப் பழைய அடுக்கு கடப்பைக் கல் தட்டு. அதில் ஒரு காலத்தில் ரேடியோ இருந்ததற்கு, சுண்ணாம்பில் பதிந்த நீள்சதுரத் தழும்பு சாட்சி. அதற்கு மேலே ஆண்டு தெளிவாகத் தெரியும் அடுக்கு வருகிறது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. வந்தது 14 அங்குலப் பெட்டி. முதுகு துருத்திய அந்தப் பெட்டிக்கு அளவெடுத்தாற்போல ஆசாரிகள் மர அலமாரிகளில் ஒரு பொந்து விட்டார்கள். பொந்துக்கு இடமும் வலமும் கண்ணாடித் தட்டு, மேலே சின்னச் சின்ன மாடங்கள். பெட்டி போய்விட்டது, பொந்து போகவில்லை. 43 அங்குலத் தட்டை டிவி அதற்குள் நுழையாது. அது மேலே சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. கீழே காலியான பொந்தில் இப்போது செட்டாப் பாக்ஸ், மின்கட்டண அட்டை, சிலிண்டர் புத்தகம், பேட்டரி மூடி தொலைந்து ரப்பர்பேண்ட் போட்ட ரிமோட், ஒரு சின்ன அம்மன் படம். மண்ணடுக்கில் கிடைக்கும் பானை ஓட்டைப் பார்த்துத் தொல்லியலாளர் காலம் சொல்வதுபோல, ஒரு ஹாலில் இந்தப் பொந்தின் அகலத்தை முழம் போட்டு அளந்தால் அலமாரி எந்த ஆட்சியில் செய்தது என்று சொல்லிவிடலாம்.

கண்ணாடித் தட்டுக்கு வருவோம். இதுதான் குளிர்தேசத்தாரின் கணப்புப் பலகைக்கு நம் நேர் ஈடு. ஒரு வீட்டில் நான் குறித்துக்கொண்டது: தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்று, தலை தனியாக, உடல் தனியாக. பேச்சுப் போட்டிக் கோப்பைகள் மூன்று. பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் தாஜ்மகால், ஒரு காலத்தில் விளக்கு எரிந்ததாகச் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த செண்டு பாட்டில், காலி. நடு நாயகமாக ஒரு டீ செட்: ஆறு கோப்பை, ஆறு சாசர், ஒரு கெண்டி, விலை ஒட்டிய தாள் அப்படியே. எனக்குக் காப்பி எவர்சில்வர் டம்ளரில் வந்தது.

கண்ணாடிக் கதவில் பித்தளைப் பூட்டு. "சாவி எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அது மாமா வெச்ச எடம். அவர்தான் எடுப்பாரு" என்றார் அந்த அம்மா.

மாமா டிவிக்கு மேலே படத்தில் இருந்தார், சந்தன மாலையோடு. படத்தின் கீழே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஹாலில் கணப்புக்கு நெருங்கிவந்த ஒரே பொருள் அதுதான்.

இத்தகைய பல சுவர்களைப் பார்த்த பிறகு ஒரு விதியை முன்வைக்கலாம்: பயன்படும் பொருள் முதன்மைச் சுவரில் ஏறாது, ஏறிய பொருள் பயன்படாது. அலங்கார யோசனை சொல்கிறவர்கள் நிறம், சமன், இடைவெளி என்றெல்லாம் பேசுகிறார்கள். நம் ஊரில் யாரும் எதையும் அலங்காரத்துக்கென்று வாங்கவில்லை. எல்லாம் வந்தவை. மொய்யாக, பரிசாக, சீராக, தேர்தல் வாக்குறுதியாக வந்தவை. கொடுத்தவர் என்றாவது வந்து உட்கார்ந்து பார்ப்பார் என்ற பயம்தான் அவற்றை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. அக்கா வீட்டில் என் கல்யாணப் பரிசைத் தேடிப் பார்த்தேன், இல்லை. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேசுவது ஆய்வு அறம் ஆகாது.

ஒரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கங்களில் இன்றும் கொட்டாப்புளியால் உளியைத் தட்டிப் பிள்ளையாருக்குத் தும்பிக்கையும் யாளிக்குப் பல்லும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கஜலட்சுமியின் பக்கத்து யானைக்குக் கண் திறக்க அந்தப் பெரியவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இரண்டு வீட்டுக்குப் பத்திரிகை வைத்திருப்பேன். அந்த லட்சுமி வெளியூர் போகிறாள் என்றார். அந்தத் தெருவுக்குப் பின்தெரு வீட்டிலேயே டிவிச் சுவருக்குப் பிளைவுட் அடித்து, வாதுமை மரத்தின் படம் அச்சிட்ட மைக்காவை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு விளக்கம் தேட நான் முயலவில்லை. கோபம்தான் வந்தது.

வெளியுலக ஒப்பீடு இல்லாமல் ஆய்வுக்கு மதிப்பெண் விழாது. 1796இல் ரம்ஃபோர்டு பிரபு கணப்பைப் பற்றி எழுதினார்: மாடத்தின் ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்தால் வெப்பம் அறைக்குள் திரும்பும், தொண்டையை ஒடுக்கினால் புகை மேலே ஓடும். வெப்பத்தை உள்ளே இழுக்க அவர் பட்ட பாட்டையெல்லாம் வெளியே தள்ள நாம் படுகிறோம். அடுத்தது 1966. நியூயார்க்கின் ஒரு தொலைக்காட்சி நிலையம், கணப்பில்லாத அடுக்குமாடிக்காரர்களுக்காகக் கிறிஸ்துமஸ் இரவில் எரியும் விறகைப் படமெடுத்துக் காட்டியது. படச்சுருள் 17 நொடி, அதையே மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். டிவியும் கணப்பும் ஒன்றே என்று அன்றே ஒப்புக்கொண்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குக் கணப்புப் பலகையில் காலுறை தொங்கவிடுவதற்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. ஏழை வீட்டுப் பெண்கள் துவைத்துக் காயப்போட்ட காலுறைக்குள் புனித நிக்கோலஸ் போட்ட பொன் விழுந்ததாம். அதாவது அந்த அலங்காரம் தொடக்கத்தில் வெறும் ஈரத்துணி.

விதிக்கு விலக்கு வேண்டுமானால் மலை ஏற வேண்டும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே போனால் வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடும் நண்பர் ஒருவருக்குப் பத்திரிகை வைக்க வேண்டியிருந்தது. மலையாளிப் பழங்குடியினர் வீடு, மண் சுவர். அங்கே நாற்காலி இல்லை. ஆனாலும் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள், அடுப்பைப் பார்த்து. அடுப்புக்கு மேல் மூங்கில் பரண். பரணிலிருந்து தொங்கியவை: தோலை உரித்து முறுக்கி ஜோடி ஜோடியாகக் கட்டிய மக்காச்சோளக் கதிர்கள், ஒரு சுரைக்குடுவை, துணியில் முடிந்த விதைச் சாமை. பின்சுவர் முழுக்கக் கரி. வெறும் கறுப்பில்லை, எண்ணெய் பூசினாற்போல மினுங்கும் கறுப்பு. எந்தப் பெயிண்ட் கடை அட்டையிலும் அந்த நிறம் இல்லை. நகரத்துப் புத்தியில், "ஒரு தடவை வெள்ளையடிச்சுடலாமே பாட்டி" என்றேன்.

"கரி இருந்தாதான் பூச்சி வராது சாமி. வெதைய அப்புறம் எங்க வெக்கிறது?" என்றார் பாட்டி.

விதி தலைகீழாகிவிட்டது. அந்தச் சுவரில் தொங்கிய ஒவ்வொன்றும் அடுத்த பருவத்தில் இறங்கப்போவது. இறங்காத பொருள் ஒன்றே ஒன்று: நான் கொடுத்த பத்திரிகை. அதை நண்பர் பரண் மூங்கிலில் செருகிவைத்தார். அதன் மஞ்சள் முனை பழுப்பாவதைக் காப்பிக்குப் பதில் வந்த சுக்குத் தண்ணீர் ஆறுவதற்குள் பார்த்தேன்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு மாதிரி, சம்பந்தி வீடு. பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் பெயர் சரிபார்க்கப் போனபோது கவனித்தேன். கனடாவில் இருக்கும் மூத்த மகன் வந்தபோது ஹாலில் கரண்டு கணப்பு ஒன்றைப் பதித்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் எல்இடி தீ நாக்குகள், பிளாஸ்டிக் விறகு, மேலே பளிங்குப் பலகை, பலகையில் விலை ஒட்டிய டீ செட். வெளியே சித்திரை வெயில். உள்ளே ஏசி 24இல் ஓட, நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. "சூடு வருமுங்களா?" என்றேன். "அதுக்கு வேற பட்டன் இருக்குதாம். நாங்க தொட்றதில்ல, பில்லு ஏறிடும்" என்றார் சம்பந்தியம்மா. இதைக் கட்டுரையில் எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று தெரியாமல் அப்போது விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் தலை தீபாவளிக்கு அழைத்திருந்தார்கள். நாலு நாளாக அடைமழை. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்க, வீடே கணப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அந்த இன்னொரு பட்டனை யாரோ அழுத்திவிட்டார்கள். பளிங்குப் பலகையில் டீ செட்டைக் காணோம். அந்த இடத்தில் பேத்தியின் பள்ளிக்கூடக் காலுறைகள் இரண்டு, துணிக் கிளிப் போட்டுத் தொங்கின. பக்கத்தில் ஒரு முறம் நிறைய வெங்காய வடகம். சம்பந்தியம்மா அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அந்தப் பக்கம் நவுந்து உக்காருங்க, அனலை மறைக்காதீங்க" என்றார்.